தேதி குறிக்காத சட்டம்

உடையார்பாளையம் வட்டம்
ஆடி மாதம், ஞாயிறு

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

வேணி எழுதிக்கொள்வது. இங்கே நான், இலக்கியா, மாமா மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன வாரம் வீடியோ காலில் கன்னமெல்லாம் ஒட்டிப்போய்த் தெரிந்தீர்கள். நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து உடனுக்குடன் தமிழில் சொல்லுகிற நீங்கள்தான் இளைத்துப்போகிறீர்கள். இது என்ன நியாயமோ.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களிடம் போனில் பேசினாலே மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். மசோதா என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார், அப்புறம் சோறும் வேண்டாம் என்கிறார். அதனால் அந்தப் பேச்சை மட்டும் இனிமேல் கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்துவிட்டார்கள் என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். முந்திரி உடைக்கிற ஷெட்டில் வைத்துப் பார்த்தேன். சந்தோஷத்தில், முந்திரிக்கொட்டைப் பால் பட்டு வெந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பார்த்தேன், நல்லவேளை கூட வேலை செய்கிற சிந்தாமணி கையைப் பிடித்துக்கொண்டாள். சாயந்திரம் நீங்கள் விளக்கின பிறகுதான் புரிந்தது. அறிமுகம் என்றால் பெயரைப் படித்து, கொண்டுவரலாமா என்று அவையைக் கேட்பது மட்டும்தானாம். பெயர் வைக்கிற அன்றைக்கே இவ்வளவு கூச்சல் என்றால் காதுகுத்து, கல்யாணமெல்லாம் எப்படி நடக்கப்போகிறதோ.

கேலி செய்கிறேனே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது அண்ணி. போன ஐப்பசி மழையில், வேலை நின்று மூடிப்போன சுண்ணாம்புக்கல் குழியில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் உங்கள் தம்பி. பைக் கரையில் நின்றது. சாவியும் அதிலேயே இருந்தது. தீயணைப்புக்காரர்கள் குழியைத் துழாவிப் பார்த்துவிட்டு, ஆழம் தெரியவில்லை என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். உடம்பு கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால் குழியை வைத்திருந்த கம்பெனியில் எனக்கு வாரிசு வேலை இல்லை, நிலத்தில் பெயர் மாற்ற முடியாது, எதுவும் முடியாது. வி.ஏ.ஓ. சார் என்ன சொன்னார் தெரியுமா? "ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லன்னாத்தாம்மா செத்ததா எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் அவரு காணாமப்போனவருதான்" என்றார். ஏழு வருஷத்தில் இலக்கியா காலேஜுக்குப் போய்விடுவாள்.

இந்த மசோதா வந்தால் சுரங்கத்திலும் வெள்ளத்திலும் கடலிலும் போனவர்களுக்கு ஒரு வருஷம் போதும் என்கிறீர்கள். உங்கள் தம்பி செத்துவிட்டார் என்று சட்டம் வர வேண்டும் என்று உங்களிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

நம் வீட்டு வழக்கத்தை இன்னும் விடவில்லை. சுண்ணாம்பு வேலைக்குப் போன ஆள் வெள்ளையாக வீட்டுக்குள் வரக்கூடாது. வாசல் கல்லில் நிற்க வேண்டும், வீட்டுப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்ற வேண்டும், அப்புறம்தான் உள்ளே வரலாம். அத்தை மாமாவுக்கு ஊற்றினார், நான் இவருக்கு ஊற்றினேன். நான் அடுப்படியில் கைவேலையாக இருந்தால் அவசரப்படுத்தவே மாட்டார், தொண்டையை மட்டும் செருமிக்கொண்டு நிற்பார். இப்போதும் மத்தியானமானால் செம்பில் தண்ணீர் பிடித்துக் கல்லோரம் வைத்துவிடுகிறேன். பழக்கதோஷம்தான்.

ஒரு வேடிக்கை சொல்லி முடிக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் சிந்தாமணி முந்திரித்தோப்பு வழியாக ஷெட்டுக்கு வந்தாளாம். தோப்பின் அந்தக் கோடியில் ஓர் ஆள் தலைமுதல் கால்வரை வெள்ளையாக நின்றானாம். "நம்ம ஊரப் பாத்து நின்னான்க்கா, நகரவே இல்ல" என்றாள். குழி மூடி இத்தனை மாசமாகிறது, யாருக்கு வெள்ளை ஒட்டும்? வெயிலில் எதையோ பார்த்திருப்பாள். இவள் தென்னை மட்டையைப் பாம்பென்று ஓடினவள்தானே.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்து மசோதா எங்கே போகிறது என்று தெரிந்ததும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
வேணி


ஐப்பசி மாதம், புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. மாமாவுக்கு முட்டி வலி, இலக்கியாவுக்கு அரையாண்டுப் பரீட்சையை நினைத்து இப்போதே வயிற்று வலி.

மசோதா நிலைக்குழுவுக்குப் போயிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு அவை உறுப்பினர்களும் கலந்து உட்கார்ந்து, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டு, ஒவ்வொரு வரியாக அலசுவார்களாம். பொதுமக்களும் கருத்து எழுதி அனுப்பலாம் என்று விளம்பரம் கொடுத்திருக்கிறார்களாம். உங்கள் வேலைக்கு இதில் நீங்கள் தலையிடக்கூடாது என்றீர்கள், சரிதான். ஆனால் நான் பொதுமக்கள்தானே? அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். ப்ளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு பெரிதாக எழுதினது இதுதான். நம் அறிவரசன் வக்கீல்தான் ஜெயங்கொண்டத்தில் அதை இங்கிலீஷில் அடித்துக்கொடுத்தார்.

மாமாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை வாங்கி என் மடியிலேயே வைத்துவிட்டு, "எம்புள்ள செத்துட்டான்னு நானே எழுதித் தரணுமா ஆயி?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நான் மட்டும் போட்டேன். கடைசி வரியில், "என் கணவர் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறேன். வக்கீல்தான் அப்படி ஒரு வரி இருந்தால் அழுத்தமாக இருக்கும் என்றார்.

உடையார்பாளையம் போஸ்டாபீசில் ரிஜிஸ்டர் செய்துவிட்டு மத்தியானம் பஸ்ஸில் திரும்பினேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் இலக்கியா தெருமுனையில் கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கால் தடம். வெறுங்காலோடு வெள்ளையாகப் பதிந்து, தோப்பிலிருந்து வரிசையாக வந்து அந்தக் கம்பத்தடியில் நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

அண்ணி, இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் பதியவில்லை. உங்கள் தம்பிக்குக் கல் விழுந்து அந்த விரல் மேலே தூக்கிக்கொண்டதே, உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்தானே அன்றைக்கு அவரை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று இலக்கியாவிடம் சொன்னேன். அவள் நம்பினதுபோலத் தெரியவில்லை. நான் செருப்புக்காலால் தேய்த்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மண் ஈரமாக இருந்தும் அந்த வெள்ளை மட்டும் காய்ந்து பொருபொருவென்று இருந்தது. வெயில் இருந்தும் செருப்பு வழியாகச் சில்லென்றது.

விளையாட்டாகத்தான் இருக்கும். குழு சீக்கிரம் அலசி முடிக்கட்டும்.

குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வேணி


மார்கழி மாதம், சனி

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று பேரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுத வரவில்லை.

முதலில் உங்கள் கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குழுவின் அறிக்கையை இரண்டு அவைகளிலும் வைத்துவிட்டார்கள், அதில் அரியலூர் மாவட்டப் பெண் ஒருவரின் கருத்து என்று என் வரியை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பெருமைதான் முதலில் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் உங்கள் தம்பி வரமாட்டார் என்பது டெல்லியில் அச்சிலேயே ஏறிவிட்டது என்று தோன்றி, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

குழு ஒரு திருத்தமும் சொல்லியிருக்கிறது என்றீர்கள். ஆள் ஓடிப்போய் ஒளிந்துகொண்டு செத்ததாக ஏமாற்றக்கூடாது என்பதற்காக, அவரைப் பற்றித் தகவல் தெரிந்திருக்க வேண்டிய நெருங்கிய சொந்தங்கள், அதாவது பெண்டாட்டி, பெற்றவர், கூடப்பிறந்தவர், "அவரிடமிருந்து எங்களுக்கு ஒரு சேதியும் இல்லை" என்று சத்தியம் செய்து எழுதித்தர வேண்டுமாம். நியாயமான திருத்தம்தான். நம் வீட்டில் என்றால் நானும் மாமாவும் நீங்களும். போன ஆடியில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்திருப்பேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், ராத்திரியில் ஒன்றும் இல்லை. ராத்திரியெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். எல்லாம் பட்டப்பகலில், உச்சி வெயிலில்தான். தெருவில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது, எதிர் வீட்டில் மிக்சி ஓடுகிறது, அப்போதுதான் வருகிறது.

அறிக்கை வைத்த அன்றைக்கு ஷெட்டிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். காலையில் வாசலில் பெரிதாகக் கோலம் போட்டிருந்தேன். தெருவிலிருந்து அதே தடம், அதே இடது கால், கோலத்தின் ஓரம் வரை வந்து நின்றிருந்தது. ஒரு புள்ளிகூட மிதிபடவில்லை. உங்கள் தம்பியும் கோலத்தை மிதிக்க மாட்டார், சுற்றிக்கொண்டுதான் வருவார். கோலமாவுதான் சிந்தியிருக்கும் என்று தொட்டுப் பார்த்தேன். மாவு இல்லை. சுண்ணாம்புக் கல் பொடி, நறநறவென்று இருந்தது.

அது போகட்டும். கல்லோரம் வைத்த செம்பைத் தூக்கினேன். தண்ணீர் பால்போல வெள்ளையாகக் கிடந்தது. யாரோ கையைவிட்டு அலம்பினதுபோல. மாமா பார்த்தார். செம்பை வாங்கிக் கொய்யாமரத்தடியில் கொட்டிவிட்டுக் கழுவித் தந்தார். அப்புறம்தான், "நீங்க அங்க ஒரு அடி எடுத்து வைக்கிறப்பல்லாம் அவன் இங்க ஒரு அடி எடுத்து வைக்கிறான், பாத்தியா ஆயி" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிறுக்குத்தனமாகப் பேசாதீர்கள் மாமா என்று கத்திவிட்டேன். கத்தியபிறகு எண்ணிப்பார்த்தேன். பெயர் படித்த அன்றைக்குத் தோப்பு. நான் கருத்து அனுப்பின அன்றைக்குத் தெருமுனை. அறிக்கை வைத்த அன்றைக்கு வாசல். அவர் சொன்னதில் தப்பில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. வருவது உங்கள் தம்பியாகவே இருக்கட்டும். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் குழியில் இருந்துவிட்டு வருகிறவர் எப்படி வருவார்? இலக்கியா மத்தியானமானால் ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். சட்டம் சீக்கிரம் வந்தால் எல்லாம் ஒரு முடிவுக்கு வரும் என்று நினைக்கிறேன். பாக்கி என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வேணி


பங்குனி மாதம், வெள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரித்து எழுத இன்றைக்கு மனசு நிற்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை மசோதா விவாதத்துக்கு வருகிறது, தமிழ்க் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு, போனைத் தண்ணீர்க்குடத்தின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நானும் இலக்கியாவும் உட்கார்ந்தோம். தமிழ் ஆடியோவைப் போட்டதும் உங்கள் குரல். "நம்ம பானு கொரலு" என்று மாமாவும் வந்து உட்கார்ந்துவிட்டார், நான் தடுக்கவில்லை.

நன்றாகச் சொன்னீர்கள் அண்ணி. மந்திரி பேசினதும் உங்கள் குரலில்தான், எதிர்க்கட்சிக்காரர் பேசினதும் உங்கள் குரலில்தான். எல்லோரும் ஆதரித்தே பேசினார்கள். கடலுக்குப் போய் வராதவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், சுரங்கத்தில் போனவர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். சுரங்கம் என்ற இடத்தில் மட்டும் ஒரு தடவை எச்சில் விழுங்கினீர்கள், எனக்குத் தெரிந்தது.

அப்புறம் பிரிவு பிரிவாகக் கேட்க ஆரம்பித்தார்கள். இந்தப் பிரிவு மசோதாவில் இருக்க வேண்டும் என்பவர்கள் "ஆம்" என்று சொல்லலாம், வேண்டாம் என்பவர்கள் "இல்லை" என்று சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஆம் என்று பெரிய இரைச்சல், இல்லைக்கு ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் சத்தத்தை வைத்தா முடிவு செய்கிறார்கள் என்று இலக்கியா கேட்டாள். யாராவது ஆட்சேபித்தால்தான் எண்ணுவார்களாம் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன்.

கடைசியாக மசோதா முழுவதையும் நிறைவேற்றலாமா என்று கேட்டார்கள். ஆம் என்று இரைச்சல். வேண்டாம் என்பவர்கள் "இல்லை" என்று சொல்லலாம் என்று உங்கள் குரல் சொன்னது.

அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்புறம், "இல்லை."

ஒரே ஒரு குரல். அத்தனை பேர் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசுகிற இடத்தில் தமிழில் ஒரு குரல். சத்தமாகக்கூட இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் சொல்வாரே, அப்படி. போனில்தான் கேட்டது என்கிறாள் இலக்கியா. மாமாவோ போனைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி வாசலைத்தான் பார்த்தார். எனக்கு இரண்டிலும் கேட்டது.

நீங்களும் நிறுத்திவிட்டீர்கள் அண்ணி. எத்தனை நேரம் என்று தெரியாது. அங்கே யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்புறம் உங்கள் குரல் வந்தது, "ஆம் என்போரே அதிகம், மசோதா நிறைவேறியது" என்று. உங்கள் குரல் மாதிரியே இல்லை அது. சாயந்திரம் போனில் கேட்டதற்கு இருமல் வந்துவிட்டது என்றீர்கள். எனக்கு அந்த இருமல் வேண்டாம். நீங்கள் கேட்டீர்களா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வாசல் கல்லின்மேல் இரண்டு பாதத் தடமும் ஒன்றாகச் சேர்ந்து, விரல்கள் வீட்டைப் பார்த்து இருந்தன. கல்லோரம் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில் அந்தக் கல்லில் நாம் கால் வைக்க முடியாது, ஆனால் அந்த ஈரம் காயவே இல்லை. நான் பயப்படுவேன் என்று நினைத்தேன். பயம் வரவில்லை. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வத்தக்குழம்பை அன்றைக்கு வைக்கவில்லையே என்றுதான் தோன்றியது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். போனவருக்காக நான் இன்னும் சரியாக அழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து மாநிலங்களவை என்றீர்கள். அங்கேயும் இப்படித்தான் கேட்பார்களா?

வேணி


வைகாசி மாதம், திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். எத்தனை பேர் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்தால் உள்ளே இவ்வளவு பெரிய தாளில் மூன்றே வரி. "கேட்டது, வேணி. என் ஹெட்போனில் கேட்டது. பதிவைப் போட்டுப் பார்த்தேன், அதில் இல்லை." அதைப் படித்ததும் எனக்கு என்னவோ தெம்பு வந்தது. நானும் மாமாவும் பைத்தியம் இல்லை. அப்படியே இருந்தாலும் நீங்களும் சேர்த்தி.

மாநிலங்களவையும் முடிந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்து, அரசிதழில் அச்சேறி, இனி அது மசோதா இல்லை, சட்டம் என்று போனில் சொன்னீர்கள். சரி, முடிந்ததா என்று கேட்டால் இல்லை என்கிறீர்கள். மத்திய அரசு எந்தத் தேதியைக் குறித்து அறிவிக்கிறதோ அந்தத் தேதியிலிருந்துதான் செல்லும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறதாம். அந்தத் தேதியை இன்னும் குறிக்கவில்லை. அடுத்த மாதமும் வரலாம், வருஷக்கணக்கில் கிடந்த சட்டங்களும் உண்டு. எல்லாம் முடிந்து, உள்ளே வர ஒரு வார்த்தைக்காக வெளியே நிற்கிறது.

இங்கேயும் அதேதான் அண்ணி. தினமும் உச்சி வேளைக்கு வந்துவிடுகிறார். கண்ணுக்குத் தெரிவது கல்லில் இரண்டு பாதத் தடம் மட்டும்தான். ஆனால் அந்த இடத்தில் வெயில் விழுவதில்லை. கோழி அந்தப் பக்கம் போவதில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமுவது கேட்கிறது. உள்ளே வருவதில்லை. வெள்ளையோடு வரமாட்டார். நான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நிற்கிறார். அத்தனை வருஷமும் அப்படித்தானே நின்றார்.

போன வாரம் நான் ஷெட்டிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இலக்கியா செம்பை எடுத்துக்கொண்டு வாசல் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தாள். செம்பு சாய்ந்தேவிட்டது. ஓடிவந்து பிடுங்கினேன். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. "அப்பாதானம்மா, ஏன் ஊத்தக்கூடாது?" என்று கேட்டு அழுகிறாள். அப்பாதான் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்தக் குழியிலிருந்து அவரோடு கூட என்ன வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் என் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் கூப்பிட முடியாது. அதிலிருந்து செம்பை வெளியே வைப்பதில்லை. மத்தியானத்தில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

மாமாவைப் பற்றி எழுத வேண்டும். சட்டம் என்றாலே எழுந்து போனவர், இப்போது தினமும் தேதி வந்துவிட்டதா என்று கேட்கிறார். நேற்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எத்தன நாளைக்கு ஆயி அவன நிக்க வெப்ப? வூட்டுக்குள்ளயும் விட மாட்டேங்குற, போன்னும் சொல்ல மாட்டேங்குற. அவனுக்குக் கால் வலிக்காதா?" என்றார். அதிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை. தேதி வந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம், மகன் நிம்மதியாகப் போகட்டும் என்கிறார். எழுதித்தர மாட்டேன் என்று பேனாவை என் மடியில் வைத்தவர் இவர்தான்.

இந்தச் சட்டம் வேண்டும் என்று உங்களை அரித்தெடுத்தவள் நான்தான். அச்சேறிய அந்த வரியை எழுதினவளும் நான்தான். அதை அடித்துவிட வழி இருக்கிறதா என்று அறிவரசன் வக்கீலிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். ஆனால் அவர் ஒன்று சொன்னார். தேதி வந்தபிறகும் எதுவும் தானாக நடக்காது, நாம் மூவரும் ஒரு சேதியும் இல்லை என்று சத்தியம் செய்தால்தான் உங்கள் தம்பி செத்தவர். அண்ணி, நான் எப்படிச் செய்வேன்? தினமும் மத்தியானம் சேதி வருகிறதே. அவர் செருமினால் நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இன்றைக்கு ஷெட்டில் என்ன நடந்தது, இலக்கியா கணக்கில் எவ்வளவு வாங்கினாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்னெல்லாம் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார், இவ்வளவு பொறுமையாக நான் பேசி அவர் கேட்டதே இல்லை. நீங்களும் காதால் கேட்டிருக்கிறீர்கள். உங்களால் செய்ய முடியுமா?

கம்பெனி வேலை எனக்கு வேண்டாம். முந்திரி உடைத்தே இலக்கியாவைப் படிக்க வைத்துவிடுவேன், கைதானே வேகிறது, வேகட்டும். உள்ளே விடவும் எனக்குத் துணிச்சல் இல்லை, அனுப்பி வைக்கவும் மனசு இல்லை. நான் செய்வது பாவம் என்றால் அதை நானே சுமக்கிறேன். உங்களைக் கேட்பது ஒன்றுதான். அந்தத் தேதி எழுதுகிற கோப்பு எந்த ஆபீசில், யார் மேசையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் அதில் கை கிடையாது என்று தெரியும். ஆனால் அந்தப் பக்கம் போகிற வருகிற யாராவது அதைப்பற்றிப் பேச்செடுத்தால், நீங்கள் ஞாபகப்படுத்திவிடாதீர்கள். அது அங்கேயே தூங்கட்டும்.

லீவு கிடைத்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் அண்ணி. தெருவிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நீங்கள்தான் என்று எனக்குத் தெரியட்டும். மத்தியானத்தில் வருகிறதாக இருந்தால் வாசல் கல்லை மிதிக்காமல், கொய்யாமரப் பக்கம் ஓரமாகக் கால் வைத்து உள்ளே வாருங்கள். அவர் கால்மேல் பட்டுவிடப் போகிறது.

உங்கள்,
வேணி